‘அகதி’ என்று தேடினால் பாதிகூடக் கிடைக்காது

யூடியூப் தேடல் பெட்டியில் ‘அகதிகள்’ என்று தட்டினால் செய்திச் சேனல் விவாதங்களும் நாலு நிமிடத் துண்டுகளும் வரிசைகட்டி நிற்கும். பத்தாவது காணொளியோடு அலுத்துப்போய் ‘இணையத்தில் ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்பது தேடுபொறிக்குப் பெரும்பாலும் தெரியாது. தலைப்பிலும் குறிப்பிலும் பட்டியல் போட்டவர் எழுதிவைத்த சொல்தான் அதற்குத் தெரியும். அந்த ஆள் எந்தக் காலத்தில், எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து, என்ன சொல்லைப் போட்டிருப்பார் என்று ஊகிப்பதுதான் முதல் வேலை.

சட்டத்தின் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி, நாட்டின் எல்லையைத் தாண்டியவர்தான் அகதி. சொந்த நாட்டுக்குள் ஊர்விட்டு ஊர் ஓடியவருக்கு அந்தப் பெயர் கிடையாது. அவர் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்’, ஆங்கிலச் சுருக்கத்தில் ‘ஐடிபி’. ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் கணக்கில், 2024 இறுதியில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர். அதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். ‘அகதி’ என்ற ஒரே சொல்லோடு தேடுகிறவர் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொடக்கத்திலேயே தவறவிடுகிறார்.

அடுத்தது காலத்தின் சொல். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐரோப்பாவைப் பற்றிய பதிவுகள் ‘டிஸ்ப்ளேஸ்டு பெர்சன்ஸ்’, ‘டிபி கேம்ப்’ என்ற பெயர்களில் கிடக்கின்றன. 1948-ல் பாலஸ்தீனத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களை அந்தக்காலச் செய்திப்படங்கள் ‘அரபு அகதிகள்’ என்றுதான் சொல்லும். ‘பாலஸ்தீனியர்’ என்று தேடினால் அவை மாட்டாது. வியட்நாமிலிருந்து கடலேறியவர்கள் ‘போட் பீப்பிள்’. 1971-ல் இந்தியாவுக்குள் வந்த சுமார் ஒரு கோடிப் பேரைத் தேடும்போது ‘பங்களாதேஷ்’ என்று போடுவதோடு நிறுத்தக் கூடாது. படம் பிடித்த அன்று அந்தப் பகுதிக்குப் பெயர் கிழக்கு பாகிஸ்தான். டாக்கா, கல்கத்தா ஆகிய ஊர்ப் பெயர்களுக்கும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையே போட வேண்டும். ரோஹிங்யாக்கள் 2017-ல்தான் முதன்முதலில் ஓடிவந்தார்கள் என்று பலர் நினைப்பதற்கும் இதில் ஒரு பங்குண்டு. 1978, 1991–92 ஓட்டங்களைப் பற்றிய பதிவுகள் ‘பர்மிய முஸ்லிம்கள்’, ‘அரக்கான்’ என்ற சொற்களுக்குக் கீழே புதைந்திருக்கின்றன.

மொழி மாறினால் சொல்லும் மாறும். 1947 பிரிவினையைப் பற்றி இந்தியில் தேட ‘சரணார்த்தி’, உருதுவில் ‘முஹாஜிர்’, வங்காளத்தில் ‘உத்பாஸ்து’. அந்த எழுத்துக்களைத் தட்டத் தெரியாவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. விக்கிப்பீடியாவில் அந்தப் பொருள் குறித்த ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் வங்காளத்தைச் சொடுக்கி, அங்கே வரும் தலைப்பை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் போதும். கூகுள் மொழிபெயர்ப்பு தரும் அகராதிச் சொல்லைவிட இது நம்பகமானது. அந்த மொழிக்காரர்களே தேர்ந்தெடுத்து வைத்த தலைப்பு அது.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அரசுத் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’. நீலகிரியில் ஊர்ப் பேச்சில் ‘சிலோன்காரங்க’. 1983-க்குப் பிறகு வந்தவர்கள் ‘இலங்கை அகதிகள்’. அவர்கள் வாழும் இடத்தைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அதற்கு முந்தைய காணொளிகளுக்கு ‘அகதிகள் முகாம்’, பிந்தையவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என இரண்டு தடவை தேட வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், ஊரே காலியான 1995 அக்டோபர் 30 இரவைச் சொல்லும்போது அகதி என்ற சொல்லையே எடுப்பதில்லை. ‘95 இடப்பெயர்வு’ அல்லது ‘வலிகாம இடப்பெயர்வு’ என்பார். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ‘வெளியேற்றம்’ என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ‘மண்டபம் முகாம்’ என்று ஊர்ப்பெயரால் தேடினால் ஒரே இடத்தின் மூன்று அடுக்குகள் கிடைக்கும்: தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், போருக்குத் தப்பி வந்தவர்கள். ஊர்ப்பெயர், கப்பல் பெயர், பாலத்தின் பெயர் எல்லாம் ‘அகதி’யைவிடக் கூர்மையான சாவிகள். இன்னொன்று: ‘அகதி’, ‘அகதிகள்’, ‘அகதிகளின்’ மூன்றையும் ஒரே சொல்லாகத் தேடுபொறி எப்போதும் எடுத்துக்கொள்வதில்லை. பன்மை விகுதியோ வேற்றுமை உருபோ ஏறியதையும் ஏறாததையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

எங்கே தேடுவது? பழைய செய்திப்படங்களுக்கு இரண்டு பெருங்கிடங்குகள் போதும். பழைய செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தே தன்னிடமிருந்த சுமார் 85,000 படங்களை 2014-ல் யூடியூபில் ஏற்றியது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் காப்பகமான ஏ.பி. ஆர்க்கைவ், பிரிட்டிஷ் மூவிடோனோடு சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை 2015-ல் ஏற்றியது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். யூடியூபின் தேதி வடிகட்டி பார்ப்பது ஏற்றிய தேதியை மட்டுமே. 1995-ல் எடுத்த காட்சிக்கு அங்கே 2015 என்று தேதி இருக்கும். அதனால் இந்தச் சேனல்களுக்குள் வடிகட்டியைத் தொடாமல், ஆண்டை ஒரு சொல்லாகவே தட்டித் தேடுவது நல்லது. கீழே உள்ள குறிப்பைக் கட்டாயம் விரித்துப் படியுங்கள். ஏ.பி. குறிப்பில் ஷாட்லிஸ்ட் இருக்கும். தூரத்துக் காட்சி, பெண்கள் மூட்டையோடு நடப்பது, பேட்டி இன்ன மொழியில் என்று ஒவ்வொரு வெட்டாக எழுதியிருப்பார்கள். காணொளியைவிட அந்தப் பட்டியல்தான் ஆய்வுக்கு அதிகம் உதவும் என்பது என் கட்சி.

செய்திப்படத்தின் பின்னணிக் குரலை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு நிமிடப் படத்தில் அகதி ஒருவர்கூட வாய் திறந்திருக்க மாட்டார். லண்டன் ஸ்டுடியோவில் பேசுகிறவர்தான் அவர்களுக்காகப் பேசுவார். அவர்களின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகளுக்குத்தான் போக வேண்டும். ‘1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்’ 10,000-க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிந்து வைத்திருக்கிறது. ஒரு பகுதியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத் தளத்தில் பார்க்கலாம். 1994-ல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் 55,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. யூத இனப்படுகொலையோடு ருவாண்டா, ஆர்மீனியா, கம்போடியா சாட்சியங்களும் உண்டு. இதன் சிறப்பு, ஒவ்வொரு சாட்சியத்தையும் நிமிட வாரியாகப் பிரித்துச் சொற்குறி போட்டிருப்பது. ‘எல்லை தாண்டுதல்’ என்று தேடினால் இரண்டரை மணி நேரப் பதிவின் 47-ஆவது நிமிடத்துக்கே கொண்டுபோய் விடும். வீட்டிலிருந்து பார்க்க முடிவது ஒரு பங்குதான், அதற்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும். முழுத் தொகுப்பும் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள் போன்ற நிறுவனங்களின் வழியாகத்தான் திறக்கும்.

ஈழத்து விஷயங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளம். ஒலி, ஒளி, படம் எல்லாம் தமிழிலேயே பட்டியலிட்டிருக்கும். இதே தேடலில் பலர் எட்டிப் பார்க்காத இடம் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகம். நாடு, ஆண்டு என்று இரண்டைப் போட்டாலே பட்டியல் வந்துவிடும். பாலஸ்தீனத்துக்கு ஐ.நா.வின் அன்ரா அமைப்பின் தொகுப்பு: ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள், படங்கள், ஃபிலிம்கள். 2009-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பட்டியலில் ஏறியது.

ஆய்வுரைகள் கேட்க ஆசைப்படுவோருக்கு வேலை சுலபம். ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையத்தின் உரைகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாட்காஸ்ட் தளத்தில் எம்பி3-ஆகவே கிடைக்கும். ஐ.நா. வெப் டிவியில் கூட்டங்களைப் பார்க்கும்போது ஒலியின் மொழியைக் கவனியுங்கள். ‘ஒரிஜினல்’ வைத்தால் பேசுகிறவரின் குரல், ‘ஆங்கிலம்’ வைத்தால் மொழிபெயர்ப்பாளரின் குரல். மேற்கோள் காட்டும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டால் அவமானம்.

செத்த பக்கங்கள் தனித் தலைவலி. 2000-ஐ ஒட்டி எழுந்த தளங்களில் ஒலியெல்லாம் ரியல்பிளேயர் வடிவில் இருக்கும். டவுன்லோடு செய்த ‘ராம்’ (.ram) கோப்பு ஒரு கேபி அளவே இருந்தால் அது ஒலியே அல்ல, உள்ளே ஒரே ஒரு முகவரி எழுதிய வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து அந்த முகவரியை எடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ‘ஆர்எம்’ (.rm) ஒலிக்கோப்பே கிடைத்துவிட்டால் விஎல்சி பிளேயர் பெரும்பாலும் வாசித்துவிடும். முகவரி ‘ஆர்டிஎஸ்பி’ (rtsp) என்று தொடங்கினால் கை கழுவ வேண்டியதுதான். அது ஓடை (ஸ்ட்ரீமிங்) வழி மட்டும் அனுப்பிய சேவகக் கணினி, வேபேக் அதைப் பிடித்து வைத்திருக்காது. 2020 இறுதியில் ஃப்ளாஷ் நிறுத்தப்பட்டதால் சாம்பல் கட்டமாக நிற்கும் பக்கங்களில், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எம்பி3, எம்பி4, எஃப்எல்வி என்ற எழுத்துக்களைத் தேடினால் கோப்பின் நேரடி முகவரி பல நேரம் சிக்கும்.

கிடைத்தது உண்மையா என்பது அடுத்த கேள்வி. படகு கவிழும் காட்சி, முள்வேலி ஏறும் கூட்டம் போன்றவை ஒவ்வொரு புதிய நெருக்கடிக்கும் புதுத் தலைப்போடு சுற்றுக்கு வரும். யூடியூப் தேடலில் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’, முக்காற்புள்ளி, ஆண்டு ஆகியவற்றை இடைவெளி விடாமல் தட்டினால் அந்த ஆண்டுக்கு முன் ஏற்றியவை மட்டும் வரும். ‘2023 நிகழ்வு’ என்று வந்த காணொளி 2022-க்கு முந்திய பட்டியலில் உட்கார்ந்திருந்தால் விஷயம் முடிந்தது. சிக்காவிட்டால் காணொளிகளைச் சரிபார்க்க உதவும் இன்விட் நீட்சியை உலாவியில் நிறுவி, காணொளியிலிருந்து நிலைப்படங்களைப் பிரித்து, படத்தைக் கொண்டே தேட விடும் கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைப்பது சகஜம். கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் யாரோ படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். திரும்பவும் திருப்பிவிட்டுத் தேட வேண்டும்.

நீண்ட காணொளியை முழுக்கப் பார்க்க நேரமில்லை என்றால் குறிப்புக்குக் கீழே எழுத்துவடிவத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தி, கன்ட்ரோல்-எஃப் போட்டுச் சொல்லைத் தேடலாம். தானாக உருவாகும் எழுத்துவடிவம் நம் ஊர்ப்பெயர்களைக் கடித்துக் குதறிவிடும் என்பதால் ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள். ‘கேம்ப்’, ‘போட்’, ‘பார்டர்’ என்று பொதுச்சொற்களைப் போட்டு, சுற்றியுள்ள வரிகளைக் காதால் கேளுங்கள்.

பிடித்ததை உடனே குறித்து வையுங்கள். தலைப்பு, ஏற்றியவர், நிகழ்ந்த தேதி, ஏற்றிய தேதி, பார்த்த தேதி, முகவரி, நிமிடம். வேபேக்கில் பக்கத்தைச் சேமித்தால் காணொளியும் சேர்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் வெற்றுப் பக்கம்தான் சேரும். பெரிய நிறுவனம் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலித் தொகுப்புகள் நெடுநாள் எட்டாமலே கிடந்தன. உரிமம் அனுமதிக்கும் இடத்தில் பிரதி எடுத்துவிடுவதே நல்லது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும், மணிக்கு 29 எம்பி ஆகும்; நூறு மணி நேரம் 3 ஜிபிக்குள் அடங்கும்.

எடுத்த பிரதியை உங்கள் சேனலில் மீண்டும் ஏற்றுவது வேறு விஷயம். முகாமில் பேட்டி கொடுத்தவரின் தஞ்ச மனு இன்னும் முடிவாகாமல் இருக்கலாம், அவர் அம்மா இன்னும் ஊரில் இருக்கலாம். காப்பகம் ஒரு பதிவை நீக்கிவிட்டால் பல நேரம் பேசியவரே கேட்டு நீக்கியதாக இருக்கும். உங்களிடம் உள்ள பிரதியைப் பொதுவில் விடாதீர்கள். எழுதும்போது பெயருக்குப் பதில் காப்பகத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டால் படிக்கிறவர் தேடிக்கொள்வார்.