தூண்கள் நேராக நிற்க மூன்று மாலைகள்

நகரத்தின் பழைய நாடக அரங்கை ஒழுங்காக ஒரு படம் எடுக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

முதல் நாள் எதிர்ச்சாரியில் நின்று, உச்சிச் சிற்பங்களும் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்தேன். பெரிய திரையில் பார்த்தால் தூண்களெல்லாம் மேலே போகப் போக நெருங்கி, கட்டடமே பின்னால் சரிவதுபோல் இருந்தது. மென்பொருளில் நிமிர்த்தினேன். தூண்கள் நேராயின, ஆனால் கீழ் மூலைகள் வெறுமையாகின. அவற்றை வெட்டியபோது பக்கச் சிறகுகளும் சேர்ந்து போயின. அத்தனை அழகான சாளர வரிசையை இழக்க மனம் வரவில்லை.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் தகடான சென்சார் சுவருக்கு இணையாக இருந்தால் தூண் சாயாது. அதனால் மறுநாள் இன்னும் பின்னால் போய், அகலமாகப் பிடிக்கும் 24 மிமீ லென்ஸைப் போட்டு, திரையில் தெரியும் மட்டக்கோட்டைப் பார்த்துக் கேமராவைச் சமமாக நிறுத்தினேன். படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாலைதான். பரவாயில்லை, 6000×4000 பிக்சலில் கீழே 1300 வரிகளை வெட்டினாலும் 20 அங்குல அகலத்துக்கு நன்றாக அச்சிடலாம். வடிவம் கைக்கு வந்தது. வெளிச்சம்தான் வரவில்லை: சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்க, வானம் வெளுத்து முகப்பு இருண்டு போனது.

மூன்றாம் நாள் சூரியன் மறையும்வரை காத்திருந்தேன். வானம் ஆழ்நீலமாகி, முகப்பு விளக்குகளோடு சமமாக நிற்பது கொஞ்ச நேரம்தான். அன்று எனக்கு இருபது நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. காவலரிடம் கேட்டு, பார்வையாளர் வழியை மறைக்காமல் முக்காலியை வைத்தேன். ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையான அபர்ச்சர் எஃப் 8, பொத்தானை அழுத்தும் அதிர்வு படாமலிருக்க இரண்டு நொடி டைமர். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவேன். வாசல் விளக்குகள் வெளுத்துவிடாமலிருக்க, ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு ஒளி) இடைவெளியில் மூன்று படங்கள், எல்லாம் கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பான ரா கோப்பில்.

பத்து நொடி, இருபது நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் நடப்பவர்கள் மறைந்து முற்றம் காலியாகத் தெரியும். பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, அரங்கென்றால் வாசலில் ஆட்கள் வேண்டும். அரை நொடியில் எடுத்தேன். நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஓரளவு தெளிவாகவும், படியேறியவர்கள் நிழல்போலவும் பதிந்தார்கள்.

வெள்ளைச் சமநிலையை, அதாவது விளக்கொளி தரும் நிறச் சாயலை, முழுக்கத் திருத்தவில்லை. விளக்கு பட்ட கல்லில் கொஞ்சம் மஞ்சளை விட்டுவைத்தேன்.

மணி அடித்ததும் வாசல் காலியானது. கடைசிப் படத்தில் ஒரே ஒருவர், கையில் டிக்கெட்டோடு படியேறுகிறார். அதைத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.