கழுவிய கூலர்

என் மேஜையில் பில் தாள்கள் பறக்காமல் இருக்க ஓர் அலுமினியத் துண்டை வைத்திருக்கிறேன். அது என்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஒரு ஆயில் கூலரின் பாதி. ஹாக்ஸா பிளேடு போட்டு நானே அறுத்தது. மறுபாதியைப் பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடுத்துப் போயிருப்பார்.

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் டீசல் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். முன்தினம் இரவு மண் ரோட்டில் ஒரு கல், என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் அடித்திருக்கிறது. ஆயில் ஒழுகுவது அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தபோது, "பெட்ரோல் பங்க் பக்கத்துலதான் இருக்கு, அது வரைக்கும் போயிரலாம்னு ஓட்டிட்டேன் தம்பி" என்றார். அந்த விளக்கு எரிகிறது என்றால் பிரஷர் ஏறக்குறைய போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு கிலோமீட்டரில் பிஸ்டனோடு ஏறி இறங்கும் தண்டான கான்ராட் 'டக டக' என்று தட்டத் தொடங்கி, பங்க் வாசலில் என்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொண்டது.

சம்ப்பை இறக்கினால் அடியில் மிச்சமிருந்த ஆயிலில் ஜிகினா தூவியதுபோல் பொடி. கான்ராட் பேரிங் இரண்டு தேய்ந்து, மேல்பூச்சு போய் செம்பு நிறம் தெரிந்தது. கான்ராட் சுழற்றும் தண்டான கிராங்க்கில் கோடு கோடாகப் பள்ளம். லேத்துக்கு அனுப்பி 0.25 அண்டர்சைஸுக்கு, அதாவது கால் மில்லிமீட்டர் சிறிதாக, கிரைண்டிங் செய்தோம். பேரிங், பிஸ்டன் ரிங், ஆயில் பம்ப், டர்போ, கேஸ்கெட் செட் எல்லாம் புதிது. பிளாக்கில் ஆயில் ஓடும் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுத் தேய்த்து, ஏர் அடித்துக் கழுவினேன். அதில் நான் குறை வைக்கவில்லை.

கூலரை மட்டும் மாற்றாமல் கழுவினேன்.

அந்த வண்டியில் ஆயில் கூலர் முன்னால் காற்று படும் ரேடியேட்டர் மாதிரி இருக்காது. ஃபில்டர் ஹவுசிங்கின் மேலேயே போல்ட் போட்டிருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி. தட்டுகளை அடுக்கி ஒட்டியது. ஒரு தட்டு இடைவெளியில் ஆயில், அடுத்ததில் கூலன்ட் என்று மாறி மாறி ஓடும். ஆயில் ஓடும் இடைவெளியில் வெறும் வெற்றிடம் கிடையாது. ஆயில் சுழன்று சூட்டை விட வேண்டும் என்பதற்காக மடிப்பு மடிப்பாக ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். சூட்டைப் பிடுங்க அந்த மடிப்பு நல்லது. மெட்டல் பொடி ஒளிந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

நான் தொழில் கற்றது நாமக்கல்லில், லாரிப் பட்டறையில். அங்கே மேஸ்திரி பழைய லாரிகளின் கூலரை என்னிடம்தான் தருவார். அவை குழாய் வகை. இரண்டு பக்க மூடியையும் கழற்றினால் உள்ளே வரிசையாகக் குழாய்கள் தெரியும். கம்பி விட்டுக் குத்தி, டீசலில் அலசி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எதிர்ப்பக்கம் தெரியும். "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான்டா சுத்தம்" என்பார். கூலர் என்றால் கழுவுவது என்று கை பழகியது அப்படித்தான். இந்தத் தட்டு வகையில் வெளிச்சம் எதிர்ப்பக்கம் வராது. கை பழகிவிட்டால் அதையெல்லாம் யோசிக்கத் தோன்றாது.

ஆனால் அது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆயிலோடு மெட்டல் பொடி ஓடிய என்ஜினில் கூலரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். பல கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது. எஸ்டிமேட்டிலும் எழுதியிருந்தேன், கடைசி வரியில், ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்குள் பில் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அண்ணன் தாளை மேலிருந்து கீழே படித்து, கடைசி வரியில் விரலை வைத்து, "இது உடையலையே தம்பி, நல்லாத்தானுங்க இருக்கு?" என்றார். வண்டி ஓடாத மூன்று வாரமும் அவர் வீட்டில் வருமானம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து மேலே பேச எனக்கு வாய் வரவில்லை. "கழுவிப் போட்டுக்கலாங்கண்ணா" என்றேன்.

கழுவியதும் சாதாரணமாக அல்ல. ராத்திரி முழுக்க டீசலில் ஊறவைத்தேன். காலையில் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினேன். இந்தப் பக்கமிருந்து ஏர், அந்தப் பக்கமிருந்து ஏர். முதலில் பொடி வந்தது, அப்புறம் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. வெள்ளை பனியன் வேஸ்ட்டைப் பிடித்து அதன் மேல் அடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பெட்ரோலும் காற்றும் திறந்திருக்கிற வழியாகத்தான் போகும். அடைத்த மடிப்பை விட்டுவிட்டு, ஏற்கெனவே சுத்தமான மடிப்பையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கும். துணி வெள்ளையாக இல்லாமல் என்ன செய்யும்?

ஃபில்டர்தான் இருக்கிறதே, அது பிடிக்காதா என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வண்டியில் பம்பிலிருந்து வரும் ஆயில் முதலில் கூலருக்கும் அங்கிருந்து ஃபில்டருக்கும் போகிறது. பிடிக்கத்தான் செய்யும். ஆனால் ஃபில்டரில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்போதும் அது திறந்து ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். பேரிங் காய்வதைவிட அழுக்கு ஆயிலாவது கிடைக்கட்டும் என்ற கணக்கு. புது பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் அளவு, ஒரு தலைமுடியின் கனம்கூடத் தேறாது. அதற்குள் ஒரு துணுக்கு போனால் போதும்.

வண்டி அருமையாக ஸ்டார்ட் ஆனது. சத்தம் இல்லை, புகை இல்லை. 500 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்ற அண்ணன் வந்தார். வடித்த ஆயிலை வெயிலில் காட்டினேன். லேசாக மினுக்கியது. புது என்ஜின், ரிங் உட்காரும்போது கொஞ்சம் பொடி வரத்தானே செய்யும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அன்றைக்குப் பார்த்து மூன்று வண்டி காத்திருந்தது, குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு மாதம் கழித்து கல்லாறு தாண்டி பர்லியாருக்குக் கொஞ்சம் கீழே இருந்து போன் வந்தது. வண்டி நிறைய ஊட்டிக்குப் போகிற குடும்பம், இரண்டாவது கியரில் மலை ஏற்றம். "தம்பி, அதே சத்தம் வருதுங்க" என்றார். அணைத்துவிட்டாரா என்று கேட்டேன். அணைத்திருந்தார். இந்த முறை விளக்கு எரியவே இல்லையாம், ஆயிலும் நிறைய இருந்தது. போனுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்டது. அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, என் வண்டியிலேயே கட்டி இழுத்து வந்தேன். மேட்டுப்பாளையம் வரும் வரைக்கும் இரண்டு பேரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது கான்ராட் பேரிங் போயிருந்தது. நல்லவேளை, சத்தம் வந்ததுமே அணைத்ததால் கிராங்க்கில் 0.50 அண்டர்சைஸுக்கு இன்னும் இடம் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி கூலரைக் கழற்றி வைஸில் கட்டினேன். கிரைண்டரில் வெட்டினால் தூள் உள்ளே போய்விடும், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஹாக்ஸாவில் மெதுவாக அறுத்தேன். பையன் டார்ச் பிடித்தான். விளிம்பைப் பிரஷால் தட்டிவிட்டு, குறடால் ஒரு தட்டை நெம்பித் திறந்தேன். வாய்ப்பக்கம் மடிப்புகள் பளபளவென்று இருந்தன. மூலைக்குப் போகப் போக கறுத்த பசை. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்றது. டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தபோது பசைக்குள் செம்பு நிறத்தில் சின்னச் சின்னச் செதில். "அறுக்கும்போது விழுந்த தூளா இருக்குமாண்ணே?" என்றான் பையன். கூலர் அலுமினியம், அதன் தூள் வெள்ளையாக இருக்கும். செம்பு நிறச் செதில் பேரிங்கிலிருந்து வந்தது. காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒரு சில துணுக்குதான் ஒட்டியது. காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் மெட்டல் இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரிங்கின் மேல்பூச்சு எந்தக் காந்தத்திலும் ஒட்டாது.

மறுநாள் அண்ணன் வந்தபோது அந்தப் பாதியை அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், 500 கிலோமீட்டரில் பார்த்த மினுக்கல் உட்பட. கத்துவார் என்று நினைத்தேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு மாத்தியே ஆகணும்னு நீங்க சொல்லியிருந்தா, திட்டிக்கிட்டே குடுத்திருப்பேனுங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து ஒரு புதுக் கூலரை டப்பாவோடு வாங்கி வந்து மேஜையில் வைத்தார். "இது என் கணக்கு. மத்ததெல்லாம் உங்க கணக்கு."

கிரைண்டிங், பேரிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் என் கையிலிருந்து போனது. ஒன்பதாயிரம் கேட்கக் கூச்சப்பட்டதற்கு அதைப் போல நாலு மடங்குக்கு மேல் ஆனது. வண்டி இப்போதும் ஓடுகிறது, சர்வீசுக்கு என்னிடம்தான் வருகிறது. அதன் ஃபில்டரை மட்டும் ஒவ்வொரு தடவையும் அறுத்துப் பார்க்கிறேன்.

கூலரைக் கழுவுவதே தப்பு என்று சொல்லவில்லை. கூலன்ட் கலந்து ஆயில் பால் காபி மாதிரி ஆன வண்டியில், கூலரில் லீக் இல்லை என்று டெஸ்ட் செய்து தெரிந்தால் கழுவித்தான் போடுகிறேன். மெட்டல் ஓடியிருந்தால் மட்டும் கழுவுவதில்லை.

எஸ்டிமேட் எழுதும் முறையையும் மாற்றிவிட்டேன். என்ஜின் பிடித்த வண்டி என்றால் ஆயில் கூலர்தான் இப்போது முதல் வரி, கிராங்க்குக்கும் மேலே. பேரம் பேசுகிறவர்கள் எப்போதும் கீழிருந்துதான் அடித்துக்கொண்டு வருவார்கள்.