ஐந்து தோட்டா போதும்

நவம்பர் வந்தால் டெக்சாஸில் பெரும்பாலானவர்கள் ஸ்கோப் வைத்த ரைஃபிளோடுதான் மான் வேட்டைக்குக் கிளம்புவார்கள். நான் இடுப்பில் ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரோடு போகிறேன், ஒவ்வொரு முறை சுடும் முன்னும் ஹேமரை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் இழுக்க வேண்டிய வகை. 1873ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட அதே கோல்ட் (Colt) கம்பெனி வடிவம், அதே .45 கோல்ட் தோட்டா.

சுழலும் உருளையில் ஆறு தோட்டா அறை இருந்தாலும் ஐந்துதான் போடுவேன். முதல் அறையில் ஒன்று, அடுத்ததைக் காலியாக விட்டு வரிசையாக நாலு, அப்புறம் ஹேமரை முழுக்க இழுத்துக் கட்டைவிரலால் பிடித்தபடியே இறக்கினால் அது சரியாகக் காலி அறைமேல் வந்து உட்காரும். பழைய வடிவத்தில் தோட்டாவை அடிக்கும் ஊசி ஹேமரிலேயே இருக்கிறது, அதற்கு நேரே தோட்டா இருந்து துப்பாக்கி கீழே விழுந்தால் வெடித்துவிடலாம், அதனால் இதில் சோம்பலே கூடாது.

குண்டு 255 கிரெய்ன், அதாவது பதினாறரை கிராம் ஈயம். வேகம் நொடிக்குச் சுமார் 900 அடிதான், ரைஃபிளோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. ஆனால் அந்த எடை நெஞ்சில் புகுந்து மறுபக்கம் வெளியே போய்விடும். தூரம் கூடினால் குண்டு சட்டென்று இறங்கும் என்பதால் என் எல்லை 40 கஜம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண்மான் 70 கஜத்தில் கால் மணி நேரம் நின்று ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கியது. சுடவில்லை. இருட்டும் நேரத்தில் இன்னொன்று முப்பது கஜத்துக்குள் வந்தது, அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறைந்த நொடியில் ஹேமரை இழுத்தேன், அந்த நாலு க்ளிக் சத்தமும் காடு முழுக்கக் கேட்டது மாதிரி இருந்தது. சுட்டதும் நாற்பது அடி ஓடி விழுந்தது.