அமெரிக்கத் தரைப்படையில் ஐ.ஜி. அலுவலகத்துக்கு மனு கொடுத்தால் என்ன நடக்கும்

அமெரிக்கத் தரைப்படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (ஐ.ஜி.) அலுவலகத்துக்குப் போகிற பலரும், ஐ.ஜி. நம் கமாண்டரைக் கூப்பிட்டு உத்தரவு போடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. டிவிஷனையோ முகாமையோ நடத்தும் ஜெனரலுக்குக் கண்ணும் காதுமாக இருப்பதுதான் அவர் வேலை. விசாரிப்பார், நடந்ததை எழுதுவார், பரிந்துரைப்பார். முடிவெடுப்பவர் அந்த ஜெனரல். ஐ.ஜி. உங்களுக்காக வாதாட மாட்டார், உங்கள் கமாண்டருக்காகவும் வாதாட மாட்டார். இதைப் புரிந்துகொண்டு எழுதிய மனுக்கள்தான் நகர்கின்றன.

1777 டிசம்பரில் தொடங்கிய பதவி இது. அடுத்த ஆண்டு வேலி ஃபோர்ஜ் முகாமில் பிரஷ்ய அதிகாரி வான் ஸ்டூபன் ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்குக் கவாத்து கற்றுக்கொடுத்ததும் இந்தப் பதவியின் பணியாகத்தான். இன்றும் உதவி, விசாரணை, ஆய்வு, பயிற்சி என்று நான்கு வேலைகள் உண்டு. ஆய்வுக்கு வரும்போது ஒரே தரத்தில் இருக்கும் சிப்பாய்களை மட்டும் தனி அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். கமாண்டரோ சார்ஜென்டோ உள்ளே இருக்க மாட்டார்கள், யார் எதைச் சொன்னார் என்று அறிக்கையில் வராது. யூனிட் முழுக்கப் பரவியிருக்கும் சிக்கலைச் சொல்ல, தனி மனுவைவிட இது நல்ல இடம்.

தனி மனு என்றால், உங்கள் விஷயம் ஐ.ஜி. கையில் எடுக்கக்கூடியதுதானா என்பதை முதலில் பாருங்கள். மேல்முறையீட்டுக்கென்று வேறு வழி ஏற்கெனவே இருந்தால் அவர் எடுக்க மாட்டார். ராணுவ நீதிச் சட்டத்தின் ஆர்ட்டிகிள் 15 படி கமாண்டரே நீதிமன்றம் இல்லாமல் கொடுக்கும் தண்டனை, கோர்ட் மார்ஷியல் எனும் ராணுவ நீதிமன்ற வழக்கு, மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டு அறிக்கை, தொலைந்த பொருளுக்குப் பணம் பிடிப்பது எல்லாமே இந்த வகை. அந்த வழி ஒழுங்காக நடந்ததா, உங்களுக்குரிய வாய்ப்பு கிடைத்ததா என்று மட்டும் பார்ப்பார். பாகுபாட்டுப் புகாரை ஈ.ஓ. (சம வாய்ப்பு) ஆலோசகரிடமும், குற்றத்தைத் தரைப்படையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.ஐ.டி.யிடமும் கொண்டுபோகச் சொல்வார்.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.ஜி.யிடம் மனு கொடுத்ததால் வேறு எந்தக் கெடுவும் நின்றுவிடாது. ஆர்ட்டிகிள் 15 தண்டனைக்கு மேல்முறையீடு செய்யக் கிடைப்பது 5 நாள்தான். கமாண்டர் செய்த அநீதிக்கு அதே சட்டத்தின் ஆர்ட்டிகிள் 138 வழியாகப் போவதென்றால் 90 நாள். அதற்கும் முன்னால் அதே கமாண்டரிடம் எழுத்தில் நிவாரணம் கேட்டிருக்க வேண்டும். ஐ.ஜி. பதில் வரட்டும் என்று காத்திருந்தால் இவை கைநழுவிப் போகும். ஆகவே லீகல் அசிஸ்டன்ஸ் (சட்ட உதவி) அலுவலகத்தை அதே வாரத்தில் பாருங்கள்.

சம்பளத்தில் வீட்டுப்படி விடுபட்டது, மாற்றல் உத்தரவு எங்கோ சிக்கி நிற்பது, விடுமுறை மனு மேசையிலேயே கிடப்பது போன்றவற்றில் ஐ.ஜி.யின் உதவி நன்றாக வேலை செய்கிறது. வெளியூரில் இருக்கும் சிப்பாய் குடும்பத்துக்குப் பணம் அனுப்பாததும் இதில் சேரும். ஏ.ஆர். (தரைப்படை விதி) 608-99 படி குடும்பத்தைத் தாங்குவது சிப்பாயின் கடமை. அதைக் கவனிப்பது கமாண்டரின் பொறுப்பு. மனைவியோ கணவனோ நேரடியாகவே மனு கொடுக்கலாம். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல், கடைசியாகப் பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் வேகம் கூடும்.

கமாண்டரிடம் முதலில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஐ.ஜி. அலுவலகத்தில் முதலில் கேட்பது "மேலதிகாரியிடம் சொன்னீர்களா?" என்பதுதான். இல்லை என்றால், பயப்படக் காரணம் இல்லாத விஷயங்களில், போய்ச் சொல்லிப் பாருங்கள் என்று அனுப்புவார்கள். சொன்ன தேதி, சொன்ன ஆள், வந்த பதில் மூன்றையும் குறித்து வைத்திருங்கள். ஐ.ஜி.யைப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போவதற்கு மட்டும் அனுமதி வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

படிவம் டி.ஏ. 1559. அதில் இரண்டு கட்டங்கள்தான் மனுவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, ஐ.ஜி. உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது. மற்றது, பின்னணித் தகவல். முதல் கட்டத்தில் "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பிடி கிடைக்காது. "மாற்றலான நாளிலிருந்து வரவேண்டிய வீட்டுப்படி நிலுவையைக் கொடுக்கச் செய்ய வேண்டும்" என்று எழுதினால், எந்த அலுவலகத்துக்கு ஃபோன் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒருவர் தவறு செய்தார் என்று குற்றம் சாட்டுவதாக இருந்தால், குற்றச்சாட்டில் நான்கு விவரம் வேண்டும்: யார், என்ன செய்தார் அல்லது செய்யாமல் விட்டார், எந்த விதியை மீறினார், எப்போது. "எல்லாரையும் கேவலமாக நடத்துகிறார்" என்பதை எந்த விதியோடும் ஒட்டவைக்க முடியாது. விடுமுறையை மறுத்தது என்றால் ஏ.ஆர். 600-8-10-இல் தேடலாம். விதி எண் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அவர்கள் கண்டுபிடிப்பார்கள். தேதியும் சாட்சியும் மட்டும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். இணைப்புகளுக்கு எண் போடுங்கள், நகல் மட்டும் கொடுங்கள். தெரிந்தே பொய் எழுதினால், பொய் வாக்குமூலத்துக்கான ஆர்ட்டிகிள் 107 பாயும்.

பேசும்போது ஒரு எச்சரிக்கை. சாப்ளைனிடமும் (படையின் மதகுரு) உங்கள் வழக்கறிஞரிடமும் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஐ.ஜி.யிடம் சொல்வதற்கு அது கிடையாது. உங்கள் பெயரை முடிந்தவரை மறைத்து வைப்பார்கள், புகார் கொடுத்தது யார் என்று கமாண்டர் துருவுவதற்கும் தடை உண்டு. ஆனாலும் உங்கள் சம்பளத்தைச் சரிசெய்ய உங்கள் பெயரைச் சொல்லாமல் முடியாது. நீங்கள் செய்த குற்றத்தை அங்கே ஒப்புக்கொண்டால் அது அந்த அறையோடு நிற்காது. பெயர் போடாமலும் மனு கொடுக்கலாம். கூடுதல் கேள்வி கேட்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் பாதியில் நின்றுபோகும், பதிலும் வராது.

மனு உள்ளே போனதும் ஏழு படி: பெறுதல், முதற்கட்ட ஆய்வு, உரிய இடத்துக்கு அனுப்பி அறிவித்தல், உண்மை கண்டறிதல், முடிவை அறிவித்தல், பின்தொடர்தல், மூடுதல். இரண்டாவது படியில்தான் மனு பிழைப்பதும் சாவதும். இது உதவிக் கோரிக்கையா, குற்றச்சாட்டா, இரண்டுமா என்று அங்கே பிரிக்கிறார்கள். குழப்பமாக எழுதிய பத்துப் பக்கத்திலிருந்து முக்கியமான ஒரு குற்றச்சாட்டு அந்த இடத்தில் நழுவிப்போவது உண்டு. அதனால் பின்னணிக் கட்டத்தின் முதல் பத்தியிலேயே அதை வையுங்கள். ஜெனரல் தரத்தில் இருப்பவர் மீது புகார் என்றால் உள்ளூரில் விசாரிக்க மாட்டார்கள். 2 வேலை நாளுக்குள் தலைமை ஐ.ஜி. அலுவலகத்துக்குப் போய்விடும்.

குற்றச்சாட்டு நிரூபணமானது, ஆகவில்லை என்ற இரண்டில் ஒன்றாகத்தான் முடிவு வரும். நிரூபணமானாலும் அந்த அதிகாரிக்கு என்ன நடவடிக்கை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உங்களைத் தொட்ட விஷயத்துக்கு மட்டுமே பதில். தவிர, ஐ.ஜி. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை ஐ.ஜி.யின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் தண்டிக்க முடியாது. அதனால் கமாண்டர் அதே விஷயத்துக்கு ஏ.ஆர். 15-6 விதிப்படி தன் சொந்த விசாரணையைத் தனியாக வைப்பது வழக்கம். திரும்பவும் அதே கேள்விகளைக் கேட்கிறார்களே என்று சாட்சிகள் சலித்துக்கொள்வது இதனால்தான். இரண்டாவது முறையும் முழுதாகச் சொல்லுங்கள்.

பழிவாங்கல் தனி வகை. ஐ.ஜி.யிடமோ காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரிடமோ பேசியதற்காகப் பதவி உயர்வைத் தடுப்பது, மோசமான மதிப்பீடு எழுதுவது, அப்படிச் செய்வேன் என்று மிரட்டுவது எல்லாவற்றையும் 10 யு.எஸ்.சி. 1034 என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவு தடுக்கிறது. அந்த நடவடிக்கை உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். விசாரிப்பவர் நான்கு கேள்வி வைத்திருப்பார்: சட்டம் பாதுகாக்கும் அப்படிப்பட்ட பேச்சு நடந்ததா? பாதகமான நடவடிக்கை எடுக்கப்பட்டதா? எடுத்தவருக்கு அந்தப் பேச்சு முன்பே தெரியுமா? பேச்சு நடக்காமலிருந்தாலும் அதே நடவடிக்கை வந்திருக்குமா? மூன்றாவதில்தான் அதிகம் சறுக்குகிறது. அவருக்குத் தெரியும் என்பதற்கு மின்னஞ்சலோ, யாரிடமாவது அவர் சொன்னதோ வேண்டும். நான்காவதற்கு, பேச்சுக்கு முந்தைய உங்கள் மதிப்பீடுகளையும், மேலதிகாரி உங்கள் வேலையைப் பற்றி எழுதித் தந்த ஆலோசனைப் படிவங்களையும் கொடுங்கள். முன்பு நன்றாக இருந்து அப்புறம் சரிந்தது தேதியோடு தெரிய வேண்டும்.

பழிவாங்கல் விசாரணை அறிக்கைக்குச் சட்டம் வைத்த கெடு 180 நாள். தாண்டினால் காரணமும் எப்போது முடியும் என்ற மதிப்பும் எழுத்தில் உங்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் மனு எண்ணைப் போட்டு எழுத்திலேயே கேளுங்கள். பழிவாங்கல் நிரூபணமானாலும் உங்கள் கோப்பில் இருக்கும் மோசமான மதிப்பீடு தானாக அகலாது. அதை நீக்க டி.டி. 149 படிவத்தில் பதிவுத் திருத்த வாரியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஐ.ஜி. அனுப்பிய முடிவுக் கடிதத்தை அதோடு இணையுங்கள்.