அம்மாவின் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றப் பட்ட பாடு

போர்ட் பண்ண, அதாவது நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக நினைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனி ஷோரூமில் “சிம்மை மாத்துனா டவர் சரியாயிரும்” என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அம்பாசமுத்திரத்தில் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். சிம் பழுது என்று பதிவு செய்து புதுசு கொடுத்தார்கள். முக்கூடல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகும் சிக்னல் ஒரு கோடுதான். அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவள், தனியாக இருக்கிறாள். நான் எப்போது கூப்பிட்டாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வந்தால் எப்படி நிம்மதியாக வேலை பார்க்க முடியும்?

சரி, மாறிவிடுவோம் என்று, புதுக் கம்பெனியில் கொடுக்கவேண்டிய போர்ட் கோடு கேட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் நிராகரித்துவிட்டார்கள். பழுதான, தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்கினால் 7 நாளைக்குப் போர்ட் கோடு தரமாட்டார்கள். சிம்மை ஏமாற்றி வாங்கி நம்பரைத் திருடுவதைத் தடுக்க, 2024 ஜூலை 1 முதல் இருக்கும் விதி. நல்ல விதிதான். ஆனால் சிம்மை மாற்றச் சொன்ன அந்தத் தம்பி இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காத்திருந்த நாட்களை எந்தக் கம்பெனி என்று பார்ப்பதில் செலவழித்தேன். கடையில் காட்டும் கவரேஜ் மேப்பில் எங்கள் ஊர் முழுக்கக் கலர் அடித்திருந்தது. வீட்டுக்குள் அப்படி இல்லை. பக்கத்து வீட்டு மதினி, எதிர்வீட்டுப் பையன் என்று வெவ்வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர்களை வரச்சொல்லி, அடுப்படியிலும் அம்மா படுக்கும் அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தோம். போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பவேண்டாம். செட்டிங்ஸில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கும் இடத்தில் மைனஸ் போட்டு ஒரு எண் காட்டும். 4ஜியில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நன்றாகப் பேசலாம், மைனஸ் 110-ஐத் தாண்டினால் அறுந்துபோகும். சாயங்காலம் எல்லோரும் போனும் கையுமாக இருக்கும் நேரத்திலும், கரண்ட் போன நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். நான் தேர்ந்தெடுத்தது எது என்று இங்கே சொன்னால் பிரயோஜனம் இல்லை. எங்கள் தெருவுக்கு ஒன்று, ஆற்றங்கரைத் தெருவுக்கு வேறொன்று.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்தப் பழைய போனில் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, 4ஜி போன் வேண்டும்.

அப்புறம் போர்ட் கோடு வந்தது. எட்டு எழுத்து, நம் பக்கம் 4 நாள்தான் செல்லும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் புதுக் கம்பெனி ஷோரூமுக்குப் பஸ் ஏறினோம். சிம் அவள் பெயரில் இருப்பதால் அவளே வரவேண்டும். அன்றைய பீடிக் கூலி போனதுதான் மிச்சம்.

கவுண்டரில் மிஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. துடைத்து, ஈரம் பண்ணி, பத்து விரலும் மாற்றி மாற்றி வைத்தும் எடுக்கவில்லை. எத்தனையோ வருஷமாகப் பீடி சுற்றும் கை, ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? “ரேகை விழலையே ஆச்சி, ஆதார் சென்டர்ல போயி அப்டேட் பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ரேகை தேய்ந்தவர்களுக்கு வேறு வழி இல்லையா என்று கேட்டேன். “சிஸ்டம் ஒத்துக்கிடாது சார்” என்றார். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தான் ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி நின்றாள். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வழி இருக்கிறது. அசல் ஆதார் கார்டைப் போட்டோ எடுத்து, ஆளையும் நேரில் போட்டோ எடுத்து, ஓடிபி போட்டு முடிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குக் கைரேகை வேண்டாம். முக்கூடலில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் இதைச் சொன்னார். “நம்ம ஊர்ல பாதிப் பொம்பளையளுக்கு இப்படித்தான் பண்ணிக் கொடுக்கேன்” என்றார். போர்ட் கோடு காலாவதியாகும் தறுவாயில் அவர் கடையிலேயே வேலை முடிந்தது. பீடி சுற்றுபவர்கள், கொத்து வேலை பார்ப்பவர்கள், வயசானவர்கள் வீட்டில் இருந்தால் கிளம்பும் முன் கடைக்குப் போன் போட்டு, “ரேகை இல்லாமல் போட்டோ எடுத்துப் பண்ணுவீர்களா” என்று கேட்டுவிட்டுப் போங்கள். அசல் கார்டு வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது.

மற்றதெல்லாம் சுலபம். ஒரு ராத்திரி பழைய சிம் செத்தது, புதுசைப் போட்டோம். பழைய சிம்மில் இருக்கும் பேலன்ஸ் புது சிம்முக்கு வராது, அதனால் பிளான் முடியப்போகும் சமயமாகப் பார்த்து மாறுங்கள். ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தாலும் 1900-க்கு எஸ்எம்எஸ் போகவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021-இலேயே போட்ட உத்தரவு. “முதல்ல ரீசார்ஜ் பண்ணுங்க” என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். மனசு மாறினால் விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு கேன்சல் அனுப்பலாம்.

இப்போது அம்மா அடுப்படியில் நின்றே பேசுகிறாள். போர்ட் கோடு எடுத்ததுமே பழைய கம்பெனியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது, பாதி விலையில் பிளான் தருகிறோம், போகாதீர்கள் என்று. உங்களுக்கும் வரும். எங்கள் தெருவுக்கு எப்போது டவர் வைப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்குத் தேதி சொன்னால் யோசிக்கலாம்.