புன்டா கானா பயணமும் இ-டிக்கெட் படிவமும்: எங்கள் வீட்டு அனுபவம்

மார்ச் விடுமுறைக்கு நாங்கள் 9 பேர் கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் இருக்கும் புன்டா கானாவுக்குப் போய் வந்தோம். ரொறன்ரோவிலிருந்து நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, மாமி என்று 6 பேர். மொன்றியலிலிருந்து தங்கச்சி, அவளுடைய கணவர், 11 மாதக் கைக்குழந்தை. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் குளிருக்குத் தப்பி ஒரு கிழமை போய் வரும் இடம்தான். கடல், சாப்பாடு எல்லாவற்றையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, அங்கே போவதற்கு முன் நிரப்ப வேண்டிய இ-டிக்கெட் என்ற படிவத்தைப் பற்றி. அதனால் தங்கச்சி குடும்பம் விமானத்தைத் தவறவிடும் நிலைக்குப் போனது. அந்த நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது.

குழப்பத்துக்கு முதல் காரணம் அந்தப் பெயர். விமானச் சீட்டு வாங்கியதும் மின்னஞ்சலில் வருவதையும் நாம் இ-டிக்கெட் என்றுதான் சொல்கிறோம். டொமினிக்கன் குடியரசின் குடிவரவுத் துறை தன்னுடைய இணையப் படிவத்துக்கும் இதே பெயரை வைத்திருக்கிறது. முன்பு விமானத்துக்குள் தாளில் தந்து நிரப்பச் சொன்ன வருகை, புறப்பாட்டு அட்டையும் சுங்க அறிவிப்பும் சேர்ந்து 2021 முதல் இந்த ஒரே இணையப் படிவமாகிவிட்டன. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பு நான் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன்: "இ-டிக்கெட் எடுத்தாச்சா?" அவள் கணவரைக் கேட்டுவிட்டு, "ஓம் அண்ணா, அது அப்பவே வந்திட்டுது" என்றாள். அவர் சொன்னது விமானச் சீட்டை. நான் கேட்டது படிவத்தை. இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்துவிட்டோம்.

புறப்படும் நாள் விடிகாலை 4 மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. நாங்கள் அப்போதுதான் ஸ்கார்பரோவில் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மொன்றியல் விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் நின்ற பெண் கியூஆர் கோடு கேட்டிருக்கிறார். இவர்கள் காட்டியது விமானச் சீட்டின் கோடு. அது இல்லை, டொமினிக்கன் அரசின் கோடு வேண்டும், நிரப்பிவிட்டு வாருங்கள் என்று சொல்லி வரிசைக்கு வெளியே விட்டுவிட்டார்கள். தங்கச்சியின் குரல் நடுங்கியது. குழந்தை அழும் சத்தம் வேறு.

அவள் அந்தப் பதற்றத்தில் செய்த முதல் வேலை, கூகுளில் தேடி மேலே வந்த தளத்தைத் திறந்தது. பெயர், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் கொடுத்து முடிக்கும்போது ஆளுக்கு இத்தனை டாலர் என்று கட்டணம் கேட்டிருக்கிறது. நல்லவேளை, கடனட்டை இலக்கம் போடுவதற்கு முன் என்னை அழைத்துவிட்டாள். இந்தப் படிவத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. முற்றிலும் இலவசம். அரசுத் தளம் போலவே கொடியும் முத்திரையும் போட்டுக்கொண்டு இடையில் நின்று பணம் வாங்கும் தளங்கள் பல இருக்கின்றன.

உண்மையான தளத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. முகவரி ஜி, ஓ, பி, புள்ளி, டி, ஓ என்று முடிய வேண்டும். நமக்கு அரசுத் தளம் என்றால் கடைசியில் ஜி, ஓ, வி என்று பார்த்துப் பழக்கம். அதனால் 'பி'யைப் பார்த்ததும் இதுதான் போலி என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மனைவியே முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஸ்பானிய மொழியில் அரசு என்பது 'கோபியெர்னோ'. அதனால்தான் அங்கே 'பி' வருகிறது. டி, ஓ என்பது அந்த நாட்டுக்கான எழுத்துகள்.

நான் சரியான முகவரியை அனுப்பினேன். தங்கச்சி போனிலேயே நிரப்பத் தொடங்கினாள். கால் மணி நேரத்தில் கியூஆர் கோடு வந்தது. ஓடிப்போய்க் காட்டினால், "குழந்தைக்கு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். மடியில் இருக்கப்போகிற குழந்தை, தனி இருக்கைகூட வாங்கவில்லை, அதற்கெதற்குப் படிவம் என்று இவர்கள் தாங்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து நிரப்பினார்கள். வாயில் மூடுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் போனைப் பார்த்தபடியே நின்றோம். அம்மா வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே யார் யார் நிரப்ப வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். வணிக விமானத்தில் அந்த நாட்டுக்குள் போகிற எல்லாரும் நிரப்ப வேண்டும். வயது வரம்பு இல்லை. கைக்குழந்தைக்கும் வேண்டும், 78 வயது அம்மாவுக்கும் வேண்டும். வெளிநாட்டவருக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். டொமினிக்கன் குடிமக்களும் நிரப்புகிறார்கள். எங்கள் விமானத்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டொமினிக்கன் அம்மா எங்களுக்கு முன்னால் நின்று தன் கோடைக் காட்டியதை நான் பார்த்தேன். இன்னொன்று, கோவிட் காலத்தில் வந்த படிவம் என்பதால் இப்போது எடுத்துவிட்டார்கள் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கனடாவுக்குள் வருவதற்குக் கோவிட் காலத்தில் நிரப்பிய அரைவ்கேன் என்ற செயலி 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயமில்லை என்று ஆனது. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இது தாள் அட்டைகளுக்குப் பதிலாக வந்தது. தொற்றுக்காலம் முடிந்தும் இது தொடர்கிறது.

ஒரே குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு படிவம் தேவையில்லை. ஒருவர் தொடங்கி மற்றவர்களைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் 6 பேரும் ஒரே படிவத்தில்தான் போனோம். தங்கச்சி குடும்பம் வேறு விமானம், வேறு நகரம் என்பதால் அவர்களுக்குத் தனிப் படிவம். தொடங்கும்போதே ஒரு குறியீடு தருகிறது. அதை எழுதி வைத்துக்கொண்டால் பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம். நான் முதல் நாள் இரவு பாதி, அடுத்த நாள் மீதி என்று ஆறுதலாகவே செய்தேன்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது பெயர்கள்தான். எங்கள் 6 பேருக்கும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவின் பெயர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்னுடைய பெயர். மாமிக்கு மாமாவின் பெயர். நம் வழக்கம் அப்படி. ஒரே குடும்பம் என்று போட்டுவிட்டு வெவ்வேறு குடும்பப் பெயர் கொடுத்தால் பிரச்சினை வருமோ என்று மனைவி பயந்தாள். எந்தப் பிரச்சினையும் வரவில்லை. கடவுச்சீட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதை அப்படியே போட வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், முதலெழுத்து, சுருக்கம் எதுவும் கூடாது.

கடவுச்சீட்டு இலக்கத்திலும் கவனம் வேண்டும். பழைய கனடியக் கடவுச்சீட்டில் இரண்டு எழுத்துக்குப் பிறகு ஆறு இலக்கங்கள் இருந்தன. 2023 முதல் வரும் புதியதில் ஓர் எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. மகளுக்குப் புதிய புத்தகம். அதன் கடைசி எழுத்தை நான் விட்டுவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கண்டேன். புதிதாக ஒரு படிவம் நிரப்பி, பழைய கோடை அழித்துவிட்டேன். இலவசம் என்பதால் நட்டமில்லை, அரை மணி நேரம்தான் போனது.

மாமியின் கதை வேறு. அவர் கனடாவுக்கு வந்து மூன்று வருடம்தான். நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. "தம்பி, என்னால உங்களுக்கும் கரைச்சல் வருமோ? நான் வீட்டிலேயே நிக்கிறன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் டொமினிக்கன் குடியரசின் தூதரக அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பொதுவாக விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் கனடிய நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் மற்றச் சுற்றுலாப் பயணிகளைப் போலவே போகலாம் என்றார்கள். அமெரிக்க, பிரித்தானிய, ஷெங்கன் (ஐரோப்பிய) வதிவிடமோ விசாவோ உள்ளவர்களுக்கும் இந்த வசதி உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பர்களும் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

இங்கே முக்கியமான ஒன்று. இ-டிக்கெட் விசா இல்லை. கியூஆர் கோடு கையில் வந்துவிட்டது, இனி உள்ளே விடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. படிவத்தை எந்த நாட்டுக்காரரும் நிரப்பலாம், அதுவும் கோடு தந்துவிடும். விசா தேவையா இல்லையா என்பது தனிக் கேள்வி. அதனால் மாமிக்குக் குடியுரிமை நாடு இலங்கை, வசிக்கும் நாடு கனடா என்று போட்டேன். வதிவிட அட்டையைக் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். திரும்பிக் கனடாவுக்கு விமானம் ஏறவும் அந்த அட்டை வேண்டும். காலாவதித் திகதியைப் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பயணிகள் அந்த நாட்டுக்குள் போக வாங்கும் சுற்றுலா அட்டைக்கு முன்பு விமான நிலையத்தில் 10 அமெரிக்க டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2018 முதல் அது விமானச் சீட்டு விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே போய் யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சுங்கப் பகுதியில் இரண்டு கேள்விகளை யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் பணம் கொண்டு வருகிறீர்களா என்பது. அது எங்களுக்கு இல்லை. மற்றது, விலங்கு, தாவரம், உணவுப் பொருட்கள் உண்டா என்பது. இல்லை என்று அழுத்தப் போகும்போதுதான் மாமியின் பெட்டி நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தால் பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கறிவேப்பிலை. அங்கே சாப்பாடு உறைப்பில்லாமல் இருக்கும், பிள்ளைகள் என்ன செய்யும் என்ற அக்கறை அவருக்கு. கறிவேப்பிலையை எடுத்து வீட்டிலேயே வைத்தோம். பச்சை இலையோடு பூச்சியும் நோயும் போய்விடும் என்பதால் எந்த நாட்டிலும் அதில் கண்டிப்பாக இருப்பார்கள். வடையைக் கொண்டுபோனோம், படிவத்தில் ஆம் என்று போட்டோம். அங்கே சுங்க அதிகாரி பையைத் திறந்து பார்த்தார், ஒரு வடையை மணந்து பார்த்துச் சிரித்தார், போகச் சொன்னார். இல்லை என்று போட்டுவிட்டு அந்தப் பை பிடிபட்டிருந்தால் மாமி கூனிக் குறுகிப் போயிருப்பார்.

புன்டா கானா விமான நிலையம் தென்னோலைக் கொட்டில் போல ஓலைக் கூரை போட்ட கட்டிடம். மாமிக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. குடிவரவில் கடவுச்சீட்டைத்தான் பார்த்தார்கள். கியூஆர் கோடைக் கேட்டது, பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் சுங்கத்தில். கோடைப் படம் பிடித்துப் போனில் சேமித்து வைத்திருந்தேன், ஒரு தாளிலும் அச்செடுத்து வைத்திருந்தேன். இறங்கியதும் போனில் இணையம் வரவில்லை. மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் பலர் நின்றார்கள். அந்தத் தாள் அப்போது பெரிய உதவி.

அப்புறம், பலர் மறந்துவிடுவது திரும்பும் பயணம். இந்தப் படிவம் உள்ளே போவதற்கு மட்டுமில்லை, நாட்டை விட்டு வெளியே வருவதற்கும் வேண்டும். நான் இரண்டு பயண விவரத்தையும் கொடுத்து இரண்டு கோடுகள் எடுத்து வைத்திருந்தேன். தங்கச்சி அந்த விடிகாலை அவசரத்தில் வருகைக்கு மட்டும்தான் நிரப்பியிருந்தாள். விடுதியில் இரண்டாம் நாளே அவளோடு உட்கார்ந்து, குழந்தையையும் சேர்த்து, புறப்பாட்டுக்கும் நிரப்பி முடித்தோம். வருகையில் போட்ட விமான இலக்கத்தையே புறப்பாட்டிலும் போடப் பார்த்தாள். திரும்பும் விமானத்துக்கு வேறு இலக்கம், புறப்படும் இடம் புன்டா கானா, அதை மாற்றச் சொன்னேன்.

திரும்பி வரும் நாள் விமான நிலையத்தில் வரிசைக்குப் பக்கத்தில், பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அவசரமாகப் போனில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த குடும்பங்களைக் கண்டோம். ஒரு வயதான தம்பதி கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு தடுமாறினார்கள். என் மனைவி பக்கத்தில் குந்தியிருந்து நிரப்பிக் கொடுத்தாள். பத்து நிமிடமும் ஆகவில்லை. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த மாதம் அண்ணாவின் குடும்பம் இங்கிலாந்திலிருந்து அங்கே போகிறது. தளத்தின் முகவரியை நேற்று அனுப்பினேன். விமானச் சீட்டு இல்லை, அரசின் படிவம் என்று எழுதி, கடைக்குட்டியின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். இரவே இரண்டு கோடுகளின் படமும் எனக்கு வந்துவிட்டது.