டூசான் நாட்குறிப்பு: ஜனவரி 2011

ஜனவரி 8, சனி

ஊருக்கு வடக்கே சேஃப்வே கடை வாசலில் துப்பாக்கிச் சூடு. தொகுதி மக்களைச் சந்திக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸுக்குத் தலையில் குண்டு. 6 பேர் இறந்துவிட்டார்கள். ஒருத்தி 9 வயதுச் சிறுமி. ஊரிலிருந்து அம்மா போன். "நீ காய்கறி வாங்குற கடையாப்பா?" இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜனவரி 9, ஞாயிறு

சுட்டவன் ஜாரெட் லாஃப்னர், 22 வயது. பிமா கம்யூனிட்டி காலேஜில் படித்தவன். கல்லூரி அறிக்கை விட்டிருக்கிறது. போன பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வகுப்பிலும் நூலகத்திலும் தகராறு. 5 முறை கல்லூரிப் போலீஸ் வரை போயிருக்கிறது. கல்லூரியே சட்டவிரோதம் என்று யூடியூபில் வீடியோ போட்டான். செப்டம்பர் 29 அன்று சஸ்பெண்ட். அக்டோபர் 4 அன்று பெற்றோருடன் வந்து விலகிக்கொண்டான். 7ஆம் தேதி கடிதம்: திரும்பிப் படிக்க வேண்டுமென்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லை என்று மனநல நிபுணரிடம் சான்று வாங்கி வா.

சரி, அவனுக்குப் படிக்கிற எண்ணமே இல்லையென்றால்? கல்லூரி தன் வாசலைப் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜனவரி 11, செவ்வாய்

துப்பாக்கியை நவம்பர் 30 அன்று கடையில் முறைப்படி வாங்கியிருக்கிறான். பின்னணிச் சோதனையில் தடையில்லை. நீதிமன்றம் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பியிருந்தால் மறுத்திருப்பார்கள். கல்லூரிக் கடிதம் எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் அரிசோனா மாநிலத்தில் ஒருவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாமாம். ஏன் யாரும் கொடுக்கவில்லை என்று டிவியில் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் இங்கே அரிசோனா பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்த உதவும் மாணவன், டி.ஏ.தான். வகுப்பில் ஒருவன் உளறினான் என்பதற்காக அதில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

ஜனவரி 13, வியாழன்

நேற்று எங்கள் வளாகத்தில் ஒபாமா பேசினார். கூட்டம் கைதட்டியது, இரங்கல் கூட்டத்தில் கைதட்டலா என்று ரூம்மேட்டுக்குக் கோபம்.

அவன் சரியாகத் தூங்கியே மாதக்கணக்காகிறது. ஆலோசனை மையத்துக்குப் போகலாமே என்றேன். "இந்த நேரத்துலயா? ஃபைல்ல ஏத்திடுவாங்க. அப்புறம் லீவுல அனுப்பிட்டு, சான்றோட வான்னு சொன்னா என் விசா என்னடா ஆகும்?" லாஃப்னருக்குப் போட்ட நிபந்தனை லாஃப்னரைத் தொடவே இல்லை. இவனை அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டது.

மருத்துவர் கடிதம் இருந்தால் பாடங்களைக் குறைத்துக்கொண்டே விசாவில் தொடரலாம் என்று எடுத்துச் சொன்னேன். "எழுத்துல வாங்கிட்டு வா, பாக்கலாம்" என்கிறான். நாளை சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போகிறேன்.